40 ஆயிரத்துக்குள்ள புது பிசி: ஐ3-12100 எடுக்கலாமா, ரைசன் 5600ஜி எடுக்கலாமா? கடைக்காரர் ஐ7 எடுக்கச் சொல்றார்

தாமிரபரணி_முத்து:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி பிஇ கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. வீட்டுல இருக்கிற பழைய லேப்டாப்புல ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ (ஆப் எழுதுற மென்பொருள்) திறந்து எமுலேட்டர் (கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுற போலி போன்) போட்டா அப்படியே நின்னுடுது, அழாத குறையா உட்கார்ந்திருக்கா, அதான் போனஸ் வந்ததும் ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணிடலாம்னு இருக்கேன். பட்ஜெட் 40 ஆயிரம், அதுக்கு மேல என்னால முடியாது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் வீட்டுலயே இருக்கு. கேம் பெருசா கிடையாது, தம்பி எப்பவாவது வாலரண்ட் விளையாடுவான். கிராபிக்ஸ் கார்டுக்கு இப்ப வழியில்ல.

நான் பார்த்து வச்ச ப்ராசஸர் ரெண்டு, இன்டெல் ஐ3-12100, ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. ஆனா திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில விசாரிச்சப்ப "ஐ3 எல்லாம் ஸ்லோ சார், ஐ7, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் போட்டு 16 ஆயிரத்துக்கு முடிச்சுத் தரேன்"னு சொல்றார். ஐ3-ஐ விட ஐ7 பெருசுதானே, விலையும் பாதிக்குக் கீழ, அப்புறம் ஏன் யாரும் அதைச் சொல்ல மாட்டேங்குறீங்க? எது எடுக்கலாம்னு விவரமா சொல்லுங்க.

சிப்_செல்வம்:

தம்பி, அந்த ஐ7 எந்த ஜெனரேஷன்? மாடல் நம்பர் முழுசா கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.

தாமிரபரணி_முத்து:

கேட்டேன் அண்ணா. ஐ7-4770. மதர்போர்டு எச்81, புதுசுன்னு சொல்றார், ஆனா கம்பெனி பேரு நான் கேள்விப்பட்டதே இல்ல.

சிப்_செல்வம்:

நினைச்சேன். 4770 வந்தது 2013-ல. 4 கோர் (வேலை செய்யுற பகுதி) 8 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலை வரிசை), பழைய டிடிஆர்3 ரேம். நீங்க பார்த்து வச்ச 12100 வந்தது 2022 ஜனவரியில, அதுவும் 4 கோர் 8 த்ரெட் தான். எண்ணிக்கை ஒண்ணா இருந்தாலும் ஒவ்வொரு கோரும் செய்யுற வேலை எங்கயோ போயிடுச்சு, பாஸ்மார்க் மாதிரி பொது டெஸ்ட்ல ரெண்டையும் வச்சுப் பாருங்க, அந்த "ஸ்லோ" ஐ3 கிட்டத்தட்ட ரெட்டிப்பு ஸ்கோர் காட்டும். ஐ3, ஐ5, ஐ7-ங்கிறது அந்தந்த வருஷத்து வரிசையில எது மேல எது கீழங்கிறதுக்கு மட்டும் தான், 2013 வரிசையையும் 2022 வரிசையையும் அதை வச்சு ஒப்பிடவே கூடாது. கோடு போட்டதுக்கு அப்புறம் வர்ற முதல் ஒண்ணு ரெண்டு எண் தான் ஜெனரேஷன், 4770-ன்னா நாலாவது, 12100-ன்னா பன்னிரண்டாவது.

இன்னொரு பெரிய விஷயம், விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனாவது வேணும், ஏஎம்டில ரைசன் 2000 வரிசையாவது வேணும், டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதி வேணும். 4770-ல ஏதாவது குறுக்கு வழியில 11-ஐ ஏத்திடுவாங்க, ஆனா நாளைக்கு ஒரு அப்டேட்ல நின்னா கேக்க ஆள் கிடையாது. படிக்கிற புள்ளைக்கு அதை வாங்கித் தராதீங்க.

யாழ்_நிரோஷன்:

செல்வம் அண்ணை சொல்லுறது சரி, ஆனா பழசு எண்டாலே வேண்டாம் எண்டு முத்து முடிவெடுக்கக் கூடாது. நான் கொழும்பில இருக்கிறன். இஞ்ச புதுசு வேண்டுறது எண்டா நெருப்பு விலை, அதால பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போனா கனபேர் ஒஃபிஸ்ல இருந்து கழிச்ச பிராண்டட் டெஸ்க்டொப்பைத்தான் தேடுவினம். அதில எட்டாம் ஜெனரேஷன் ஐ5-8500 கிடைச்சால் அது 6 கோர், விண்டோஸ் 11-உம் முறையாப் போகும். போர்டும் பவர் சப்ளையும் நல்ல தரம், ஏனெண்டா அது கம்பனிகளுக்கு எண்டு செய்தது. பேர் தெரியாத எச்81 போர்டை விட அது ஆயிரம் மடங்கு மேல். குறை என்னெண்டா பிறகு ஒண்டும் மாத்தேலாது, பவர் சப்ளை கனெக்டர் கூட அவையின்ர தனி டிசைனா இருக்கும், பெரிய கிராபிக்ஸ் கார்ட் போடேலாது. 40 ஆயிரம் கையில இருக்கேக்க புதுசுக்கே போங்கோ, 20-க்குள்ள எண்டால் இதைப் பாருங்கோ.

சிப்_செல்வம்:

நிரோஷன் சொன்னதுல எனக்கு முழு சம்மதம். 20-க்குள்ள கேட்டிருந்தா நானும் 8500 தான் சொல்லியிருப்பேன்.

ரைசன்_ரசிகன்_மதுரை:

ப்ரோ ஒரே வார்த்தை, 5600ஜி எடுத்துட்டு போயிட்டே இருங்க. இன்டெல் பக்கமே போகாதீங்க, 13, 14 ஜெனரேஷன்ல என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும், வோல்டேஜ் ஏறி சிப்பே கெட்டுப்போய் கேம்லாம் கிராஷ் ஆகி, கடைசில 2024-ல அவங்களே ஒத்துக்கிட்டு மைக்ரோகோட் (சிப்புக்குள்ள ஓடுற கட்டளைகள்) அப்டேட் விட்டு வாரண்டியை ரெண்டு வருஷம் கூட்டுனாங்க. பத்து வருஷமா 4 கோரை வச்சே நம்மளை ஏமாத்துன கம்பெனி அது. 6 கோர் 12 த்ரெட்டை நம்ம விலைக்கு கொண்டு வந்தது ஏஎம்டி தான், நன்றி இருக்கணும்.

வித்யா_கோவை:

மதுரைக்காரரே, கொஞ்சம் பொறுங்க. 13, 14-ல வந்த பிரச்சினை ராப்டர் லேக்ங்கிற டிசைன் சிப்புகள்ல, அதுலயும் 65 வாட்டும் அதுக்கு மேலயும் இருக்கிற டெஸ்க்டாப் மாடல்கள்ல. முத்து கேக்குறது 12100, அது முந்தின ஆல்டர் லேக் டிசைன், இந்தப் பட்டியல்லயே இல்லைங்க. அதைச் சொல்லி பயமுறுத்துறது நியாயமில்ல.

நான் வீடியோ எடிட்டிங் வேலை பண்றேன், அதனால சொல்றேன். இன்டெல் சிப்புல கிராபிக்ஸோட சேர்ந்து குயிக் சிங்க்னு வீடியோவுக்கான ஒரு பகுதி வருது. இப்ப கேமராவுல வர்ற 10 பிட் 4:2:2 எச்265 வீடியோ ஃபைலை 12100-ஓட யுஹெச்டி 730 கிராபிக்ஸ் ஹார்டுவேர்லயே டிகோட் பண்ணிடும், 5600ஜி-யோட வேகா கிராபிக்ஸ் அதைச் செய்யாது, மொத்த பாரமும் கோர் மேல விழும். தங்கச்சிக்கு எடிட்டிங் ஆசை இருந்தா இன்டெல் தான். ஆனா ஒண்ணு, வாங்கும்போது 12100-ஆ 12100எஃப்-ஆன்னு பெட்டியில பாத்துக்கோங்க. எஃப்-னு இருந்தா கிராபிக்ஸே கிடையாது, கார்டு இல்லாம ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. ஆன்லைன்ல விலை கம்மியா இருக்கேன்னு எஃப் வாங்கிட்டு வந்து "டிஸ்பிளே வரல"ன்னு தவிக்கிறவங்களை எத்தனையோ பேரைப் பாத்துட்டேன்.

தாமிரபரணி_முத்து:

எடிட்டிங் எல்லாம் இல்லைங்க அக்கா, கோடிங் தான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, விஎஸ் கோடு, அடுத்த செமஸ்டர்ல விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) போட்டு லினக்ஸ் பண்ணணும்னு சொல்றா. இதுக்கு கோர் அதிகமா இருந்தா நல்லதா, இல்ல ஒரு கோர் வேகமா இருந்தா நல்லதா?

பெங்களூர்_சிலிக்கன்:

நான் சிப் டிசைன் வேலையில இருக்கேன், எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, இது என் சொந்தக் கருத்து.

ரெண்டும் வேணும். கிரேடில் பில்டு (எழுதுன கோடை ஆப்பா மாத்துறது), எமுலேட்டர், விஎம் (விர்ச்சுவல் மெஷின்) மூணும் ஒரே நேரத்துல ஓடுறப்ப 6 கோர் இருந்தா மூச்சு விட முடியும். எடிட்டர்ல டைப் பண்றது, பிரவுசர் இதுக்கெல்லாம் ஒரு கோரோட வேகம் தான் கைக்குத் தெரியும், அதுல 12100 5600ஜி-யை விட ஒரு படி மேல. ஆனா இது ரெண்டையும் விட முக்கியம் ரேம். 8 ஜிபில எமுலேட்டரும் விஎம்மும் சேர்த்து ஓட்டுனா எந்த ப்ராசஸரா இருந்தாலும் திணறும். 16-க்கு கீழ போகாதீங்க.

இந்த மாடல் எல்லாம் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சா எதுக்கு எவ்வளவு குடுக்கலாம்னு உங்களுக்கே புரியும். சிப்பு செய்யுற ஃபேப்ல, வேஃபர்ங்கிற சிலிக்கன் தட்டுல இருந்து வர்ற எல்லா சிப்பும் ஒண்ணு போல இருக்காது. ஒரு இடத்துல குறை இருந்தா அந்தக் கோரை மட்டும் அணைச்சுட்டு கீழ் மாடலா விப்பாங்க. ரைசன் 5 5600-க்குள்ள இருக்கிறது 8 கோர் சிலிக்கன், அதுல 6 தான் ஓடும். 12100-ம் 6 கோர் சிலிக்கன்ல இருந்து 4 மட்டும் திறந்து வச்சது. ரைசன் 5 5500-ன்னு ஒண்ணு மலிவா கிடைக்குமே, அது 5600ஜி-யோட அதே சிலிக்கன், கிராபிக்ஸை அணைச்சது. இதுல ஏமாத்து எதுவும் இல்ல, தூக்கிப் போட வேண்டிய சிப்பு நமக்கு மலிவா வருது, திறந்திருக்கிற பகுதி முழு கேரண்டியோட வேலை செய்யும். சில நேரம் நல்ல சிப்பையே அணைச்சும் விப்பாங்க, கீழ் மாடலுக்கு ஆர்டர் அதிகமா இருந்தா.

ஏஎம்டி 2019-ல செஞ்சது இன்னொரு படி மேல. ஜென் 2-ங்கிற டிசைன்ல 8 கோரை மட்டும் சுமார் 74 சதுர மில்லிமீட்டர்ல சின்ன துண்டா, மத்தவங்களுக்கு சிப்பு செஞ்சு தர்ற டிஎஸ்எம்சி-யோட 7 நானோமீட்டர் ப்ராசஸ்ல அடிச்சாங்க, மெமரி, யுஎஸ்பி மாதிரி மத்த இணைப்பு வேலைக்கெல்லாம் தனியா ஒரு துண்டை குளோபல்ஃபவுண்ட்ரீஸ்ல பழைய ப்ராசஸ்ல மலிவா அடிச்சாங்க. துண்டு சின்னதா இருந்தா ஒரு வேஃபர்ல குறையில்லாம தேறுறது அதிகம். அதே 8 கோர் துண்டு சர்வருக்கும் போச்சு, நம்ம டெஸ்க்டாப்புக்கும் வந்துச்சு. இன்டெல் அந்த நேரத்துல டெஸ்க்டாப்புக்கு 14 நானோமீட்டர்லயே நின்னுட்டு இருந்தாங்க, 2015-ல ஸ்கைலேக்ல ஆரம்பிச்சு 2021 ராக்கெட் லேக் வரைக்கும். விலைப் போட்டியில ஏஎம்டி ஜெயிச்சதுக்கு இது பெரிய காரணம்.

ரைசன்_ரசிகன்_மதுரை:

அதைத்தானே நானும் சொல்றேன் ப்ரோ. ஏஎம்டி இல்லேன்னா இன்னும் 4 கோருக்கு 25 ஆயிரம் குடுத்துட்டு இருந்திருப்போம். அதனால நாம ஏஎம்டியை சப்போர்ட் பண்ணணும்.

பழைய_பிசி_ராமநாதன்:

தம்பி மதுரை, உங்க உற்சாகம் எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா இந்த ரெண்டு கம்பெனியையும் 386 சிப்பு காலத்துல இருந்து பாத்துட்டு வர்றவன் நான், கொஞ்சம் விரிவா சொல்ல விடுங்க.

ஏஎம்டி பிசி சிப்புத் தொழிலுக்குள்ள வந்ததே இன்டெல்லோட சம்மதத்துல தான். ஐபிஎம் 1981-ல பிசி கொண்டு வந்தப்ப 8088 சிப்பு போட்டாங்க, ஒரே கம்பெனியை நம்பி இருக்க மாட்டோம், ரெண்டாவதா ஒருத்தர் அதே சிப்பை செஞ்சு தரணும்னு கேட்டாங்க. 1982-ல இன்டெல்லும் ஏஎம்டியும் ஒப்பந்தம் போட்டாங்க. 386 வந்ததும் இன்டெல் டிசைனைக் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. வழக்கு, மத்தியஸ்தம்னு இழுத்துச்சு, நடுவுல ஏஎம்டி சொந்தமாவே டிசைன் பண்ணி 1991-ல 386-ஐ விட்டாங்க, இன்டெல் 33 மெகாஹெர்ட்ஸ்ல நின்னப்ப இவங்க 40 மெகாஹெர்ட்ஸ் குடுத்தாங்க, விலையும் கம்மி. 1994-ல கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஏஎம்டிக்கு சாதகமா வந்துச்சு. 486-க்கு அப்புறம் 586-னு வராம பென்டியம்னு 1993-ல வந்ததே, வெறும் எண்ணை டிரேட்மார்க் பண்ண முடியாதுன்னு ஆனதால தான்.

2000-ல மார்ச் 6-ம் தேதி ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் ஆத்லான் சிப்பை அறிவிச்சாங்க, ரெண்டே நாள்ல இன்டெல்லும் அறிவிச்சாங்க. அப்படி ஒரு ஓட்டம் அது. 2003-ல ஏஎம்டி பழைய 32 பிட் புரோகிராம் எல்லாம் அப்படியே ஓடுற மாதிரி 64 பிட் கொண்டு வந்தாங்க, 64 பிட்டுக்கு இட்டானியம்னு தனி வழி போயிட்டு இருந்த இன்டெல் அடுத்த வருஷமே ஏஎம்டி வழிக்கு வந்தாங்க. இன்னிக்கு உங்க எல்லார் பிசியிலயும் ஓடுற 64 பிட் அந்த டிசைன் தான், இன்டெல் சிப்பா இருந்தாலும்.

சிப்பு நல்லா இருந்தும் பெரிய பிராண்டு கம்ப்யூட்டர்கள்ல ஏஎம்டிக்கு இடம் கிடைக்கல. அதுக்குக் காரணம் இன்டெல் குடுத்த தள்ளுபடிகள்னு ஐரோப்பிய கமிஷன் 2009-ல 106 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு. அதே வருஷம் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் குடுத்து வழக்குகளை முடிச்சுக்கிட்டாங்க. ஐரோப்பிய அபராதத்தை 2022-ல கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, அப்புறம் 2023-ல வேற பகுதிக்காக 37.6 கோடி யூரோ திரும்பப் போட்டாங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். 2007 ஜனவரியில இன்டெல் கியூ6600 வந்துச்சு, 4 கோர். 2017 ஜனவரியில ஐ7-7700கே வந்துச்சு, அதுவும் 4 கோர். சாதாரண டெஸ்க்டாப் வரிசையில பத்து வருஷம் நகரவே இல்ல. ஏன்னா 2011-ல ஏஎம்டி விட்ட புல்டோசர் சிப்பு எடுபடல, எதிர்ல ஆளே இல்ல. 2015-ல ஏஎம்டி பங்கு 2 டாலருக்குக் கீழ போயிடுச்சு. 2014 அக்டோபர்ல தலைமைக்கு வந்த லிசா சு ஜென் டிசைனை நம்பி உட்கார்ந்தாங்க, 2017 மார்ச்சுல ரைசன் வந்துச்சு. இன்டெல்லோட 8 கோர் 6900கே ஆயிரம் டாலருக்கு மேல வித்துட்டு இருந்தப்ப 1800எக்ஸ் 8 கோரை 499 டாலருக்குக் குடுத்தாங்க. அதே வருஷம் அக்டோபர்லயே இன்டெல் ஐ3-யை 4 கோர் ஆக்குனாங்க, ஐ5, ஐ7-ஐ 6 கோர் ஆக்குனாங்க. பத்து வருஷம் முடியாதது ஏழு மாசத்துல முடிஞ்சுது பாருங்க.

இது வரைக்கும் மதுரைத் தம்பி கைதட்டுவார். இதுக்கு அப்புறத்தையும் கேளுங்க. 2020 நவம்பர்ல ஏஎம்டி ரைசன் 5000 விட்டு எல்லாத்துலயும் முன்னாடி போயிட்டாங்க. உடனே என்ன பண்ணாங்க? 3600 வந்தப்ப 199 டாலர், 5600எக்ஸ் 299 டாலர். அதுக்குக் கீழ கடையில ரைசன் 5000-ல ஒண்ணுமே இல்ல. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல 5600ஜி வந்தப்பவும் 259 டாலர். 2020 மே மாசத்துல பி450 போர்டுல வரப்போற புது சிப்பு வேலை செய்யாதுன்னு வேற சொல்லிட்டு, ஜனங்க கொந்தளிச்சதும் தான் மாத்திக்கிட்டாங்க. 2022 ஜனவரியில இன்டெல் 100 டாலர் அளவுல 12100எஃப், அதோட 12400-ன்னு இறக்குனதுக்கு அப்புறம் தான் ஏப்ரல்ல ஏஎம்டி 5500-ஐ 159-க்கும் 5600-ஐ 199-க்கும் விட்டாங்க. பட்ஜெட்ல வாங்குறவங்களை அன்னிக்கு காப்பாத்துனது இன்டெல்.

முன்னாடி ஓடுறவன் யாரா இருந்தாலும் முதல்ல கை வைக்கிறது மலிவு மாடல்ல தான். நமக்கு வேண்டியது ரெண்டு பேரும் ஓடிக்கிட்டே இருக்கிறது. நன்றிக்காக காசு குடுக்காதீங்க, உங்க விலையில இன்னிக்கு யார் நல்லது தர்றாங்களோ அவங்க கிட்ட வாங்குங்க, நாளைக்கு தயங்காம மாறுங்க. அது ஒண்ணு தான் அவங்களை ஓட வைக்கும்.

ரைசன்_ரசிகன்_மதுரை:

ராமநாதன் சார், 5600எக்ஸ் விலை விஷயத்துல நீங்க சொல்றதை மறுக்கல, அப்ப சிப்புக்கே உலகம் பூரா பஞ்சம் இருந்துச்சு, டிஎஸ்எம்சில கிடைக்கிற வேஃபரை லாபம் அதிகம் வர்றதுக்கு தானே எவனும் திருப்புவான். ஆனா ஒண்ணு ஏஎம்டியை பாராட்டியே ஆகணும், ஏஎம்4 சாக்கெட், அதாவது போர்டுல ப்ராசஸர் உட்கார்ற இடம். 2017-ல ரைசன் 1000-க்கு வாங்குன பி350 போர்டுல பயாஸ் (போர்டோட அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணி 5000 வரிசை வரைக்கும் போடலாம், பல கம்பெனி அப்டேட் குடுத்திருக்காங்க. இன்டெல்ல ரெண்டு மூணு ஜெனரேஷனுக்கு ஒரு தடவை போர்டையே மாத்தணும். பட்ஜெட்காரனுக்கு அது எவ்வளவு பெரிய மிச்சம்!

பழைய_பிசி_ராமநாதன்:

ஏஎம்4 விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. இன்டெல்லோட போட்டி போட ஏஎம்டி செஞ்ச நல்ல காரியங்கள்ல அது ஒண்ணு. எனக்கு இப்ப இருக்கிற கவலை வேற. இன்டெல் விழுந்துட்டா என்ன ஆகும்? 2024 டிசம்பர்ல இன்டெல் தலைவர் கெல்சிங்கர் போயிட்டார், 2025 மார்ச்சுல புதுத் தலைவரா லிப்-பு டான் வந்தார், ஆகஸ்ட்ல அமெரிக்க அரசே கிட்டத்தட்ட 10 சதவீதப் பங்கு எடுத்துச்சு, செப்டம்பர்ல என்விடியா 500 கோடி டாலர் போடுறதா சொன்னாங்க. இன்டெல் பலமா இருக்கணும்னு ஏஎம்டி வாங்குறவங்களும் ஆசைப்படணும்.

சேலம்_செந்தில்:

நல்ல பேச்சு போயிட்டு இருக்கு, ஆனா முத்து கையில இருக்கிறது 40 ஆயிரம், அதுல ரேம் எவ்வளவு முழுங்கும்னு யாரும் சொல்லல. நான் அசெம்பிள் பண்ற கடையில வேலை பாக்குறேன். 2025 கடைசியில இருந்து ரேம் விலை தலை தெறிக்க ஏறிடுச்சு. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூணு பேரும் ஏஐ டேட்டா சென்டருக்கு வேண்டிய மெமரிக்கு திருப்பிட்டாங்க, மைக்ரான் டிசம்பர்ல குரூஷியல் பிராண்டையே நிறுத்துறதா அறிவிச்சுட்டாங்க. டிடிஆர்5 தான் ரொம்ப மோசம், டிடிஆர்4-ம் ஏறி இருக்கு. அதனால இன்னிக்கு 40 ஆயிரத்துல எந்த ப்ராசஸர்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி எந்த ரேம்னு யோசிங்க. ஏஎம்டியோட புது சாக்கெட் ஏஎம்5 எடுத்தா டிடிஆர்5 மட்டும் தான், வேற வழியே இல்ல. ஏஎம்4-னா டிடிஆர்4. 12100-க்கு ரெண்டு விதமான போர்டும் இருக்கு, எச்610 டிடிஆர்4 போர்டா பாத்து எடுக்கணும். யார் வீட்டுலயாவது பழைய டிடிஆர்4 டெஸ்க்டாப் ரேம் சும்மா கிடந்தா கேட்டு வாங்குங்க, தங்கம் மாதிரி.

தாமிரபரணி_முத்து:

அண்ணா, ஏஎம்5-ல 8500ஜி-ன்னு ஒண்ணு பாத்தேன், அது புது சாக்கெட், பின்னாடி நல்ல சிப்பு போட்டுக்கலாம்னு வீடியோவுல சொன்னாங்க. அதை எடுத்தா நாளைக்கு உதவுமா?

பெங்களூர்_சிலிக்கன்:

ரேம் விலை பழையபடி இருந்திருந்தா நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்ப 40-க்குள்ள 8500ஜி, ஏ620 போர்டு, டிடிஆர்5 16 ஜிபி போட்டா எஸ்எஸ்டிக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் (பவர் சப்ளை) காசு இருக்காது, கடைசில பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை தலையில கட்டிடுவாங்க. அதுல இன்னொரு விஷயமும் இருக்கு, 8500ஜி-ல 6 கோர்னு போட்டிருந்தாலும் 2 தான் முழு ஜென் 4, மீதி 4 ஜென் 4சி, அதாவது சின்னதா, குறைஞ்ச கிளாக்ல ஓடுறது. கிராபிக்ஸ் கார்டுக்கு 4 லேன் (டேட்டா போற பாதை) தான் விடும், பின்னாடி கார்டு போடுறப்ப கொஞ்சம் இடிக்கும். எதிர்காலத்துக்குன்னு சொல்லி இன்னிக்கு வேணுங்கிறதை குறைக்காதீங்க.

வித்யா_கோவை:

இதை நானும் ஒத்துக்கறேனுங்க. கோடிங் மட்டும் தான்னா, கார்டும் இல்லேன்னா, 6 கோர் கிடைக்கிற ஏஎம்4 பக்கம் நியாயம் இருக்கு. பட்ஜெட் ஒரு நாலு ஆயிரம் கூட இருந்திருந்தா எஃப் இல்லாத ஐ5-12400 சொல்லியிருப்பேன், 6 முழு கோர், குயிக் சிங்க், ரெண்டும் ஒண்ணா கிடைச்சிருக்கும்.

சிப்_செல்வம்:

சரி, வாலரண்ட் விளையாடுற தம்பியையும் கணக்குல எடுத்துக்கங்க. 12100-ஓட யுஹெச்டி 730-ஐ விட 5600ஜி-யோட வேகா 7 கேம்ல நல்ல வித்தியாசம் காட்டும். 5600ஜி-க்கு பதிலா 5600ஜிடி கிடைச்சா அதைப் பாருங்க, 2024-ல வந்தது, அதே சிப்பு தான், பூஸ்ட் கிளாக் (அதிகபட்ச வேகம்) கொஞ்சம் கூட, கூலர் பெட்டியோடவே வரும். ரெண்டு விலையையும் கேட்டு எது கம்மியோ அது.

ரேமை மட்டும் ஒரே 16 ஜிபி ஸ்டிக்கா வாங்காதீங்க, 8 ஜிபி ரெண்டா வாங்குங்க. டிடிஆர்4-3200 ஒரு சேனல்ல வினாடிக்கு 25.6 ஜிபி, ரெண்டு சேனல்ல 51.2 ஜிபி. உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸுக்கு தனி மெமரி கிடையாது, இந்த ரேமைத் தான் அதுவும் குடிக்குது. ஒரே ஸ்டிக் போட்டா கேம்ல அடி விழும், நல்லாவே தெரியும். நாலு ஸ்லாட் இருக்கிற பி550 போர்டு மாட்டுச்சுன்னா எடுங்க, பின்னாடி இன்னும் ரெண்டு ஸ்டிக் சேர்த்து 32 ஆக்கிக்கலாம். பழைய பி450 ஸ்டாக்கா இருந்தா 5000 வரிசைக்கு பயாஸ் அப்டேட் ஆகியிருக்கான்னு கடையிலயே ஆன் பண்ணி பாத்துட்டு எடுங்க.

யாழ்_நிரோஷன்:

பவர் சப்ளையைப் பற்றி ஒரு சொல். கேபினட்டோட சும்மா தாற எஸ்எம்பிஎஸ் வேண்டாம் முத்து. 5600ஜி, 5600ஜிடி ரெண்டும் 65 வாட் ப்ராசஸர், கார்ட்டும் இல்லை, அதால பெரிசா ஒண்டும் தேவைப்படாது, நல்ல கம்பனியின்ர 450 வாட் 80 பிளஸ் (மின்சாரத்தை வீணாக்காத தரச் சான்று) காணும். பின்னொரு காலம் கார்ட் போட்டாலும் தாங்கும்.

தாமிரபரணி_முத்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. தங்கச்சி கிட்ட மொத்தத்தையும் படிக்கக் குடுத்தேன், 6 கோர் தான் வேணும்னு சொல்லிட்டா. 5600ஜிடி, பி550, 8 ஜிபி ரெண்டு ஸ்டிக், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, நிரோஷன் அண்ணன் சொன்ன மாதிரி 450 வாட் எஸ்எம்பிஎஸ், சாதாரண கேபினெட். வேற ரெண்டு கடையில விலை கேட்டேன், ஒண்ணுல பட்ஜெட்டுக்குள்ள வருது, இன்னொண்ணுல ஆயிரம் ரூபா கூட. வாங்குறப்ப என்ன பாக்கணும், ஆன் பண்ணதும் என்ன செட்டிங் பண்ணணும்?

சேலம்_செந்தில்:

முதல்ல 18% ஜிஎஸ்டி போட்ட பில், ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் அதுல இருக்கணும். பில் இல்லாம ஐநூறு குறைக்கிறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, வாரண்டிக்கு போறப்ப அது தான் கை குடுக்கும். ப்ராசஸர் பெட்டி சீல் உடையாம இருக்கணும், உங்க கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க.

ஆன் பண்ணதும் பயாஸுக்குள்ள போங்க. ரேமை முழு வேகத்துல ஓட்டுற எக்ஸ்எம்பி, சில போர்டுல டிஓசிபி-ன்னு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க, பண்ணலேன்னா நிறைய 3200 ரேம் அதை விடக் கம்மி வேகத்துலயே ஓடும், வருஷக்கணக்குல தெரியாமலே அப்படி ஓட்டுறவங்க இருக்காங்க. அடுத்தது விர்ச்சுவல் மெஷினுக்கான எஸ்விஎம் மோடு, நிறைய ஏஎம்டி போர்டுல ஆஃப்ல தான் வரும். அதை ஆன் பண்ணாம ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் விஎம்மும் ஒழுங்கா ஓடாது, தங்கச்சிக்கு முதல் நாளே அது தான் வேணும். கிராபிக்ஸுக்கு எவ்வளவு ரேம் ஒதுக்கணும்னு ஒரு செட்டிங் இருக்கும், கோடிங்குக்கு ஆட்டோலயே விட்டுடுங்க, தம்பி கேட்டான்னு 4 ஜிபி எடுத்துக் குடுத்துடாதீங்க, 16-ல அது அப்படியே போயிடும்.

ரைசன்_ரசிகன்_மதுரை:

செம ப்ரோ, நல்ல செலக்ஷன். அசெம்பிள் பண்ணதும் எமுலேட்டரோட கிரேடில் பில்டு எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பழைய லேப்டாப்பு டைமோட சேர்த்து இங்க போடுங்க, அடுத்து கேக்க வர்றவங்களுக்கு உதவும். 12100 வச்சிருக்கிறவங்க யாராவது அதே ப்ராஜெக்டை ஓட்டிப் பாத்து போட்டாங்கன்னா இன்னும் நல்லது.

வித்யா_கோவை:

என் தம்பி கிட்ட 12100 இருக்குங்க. முத்து தங்கச்சி ப்ராஜெக்டை எங்கயாவது ஏத்தி லிங்க் குடுத்தா ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பாத்து டைம் போடுறேன். அவன் பிசியிலயும் 16 ஜிபி தான், 8 ஜிபி ரெண்டு, அதனால சரிசமமா இருக்கும்.